சேஜ் ஆயிலில் சூடம் கலக்கிறோமா? வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு, வணக்கம்.

பாரிமுனை நெரிசலில் வண்டி நிறுத்த இடம் தேடி அலைந்து, ராசப்ப செட்டி தெரு வரை நடந்து வந்து வாங்குகிறவர்கள் நீங்கள். அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். நம் கடை சேஜ் ஆயிலில் சூடத்தைக் கரைத்து விற்கிறோம் என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. சிலர் அதை எனக்கே அனுப்பி, "என்ன அண்ணே இது?" என்று கேட்டீர்கள். கேட்டதற்கு நன்றி. கேட்காமலே அடுத்த குரூப்புக்குத் தள்ளிவிட்டவர்களும் உண்டு. சரி, அதை விடுங்கள்.

சேஜ் ஆயிலில் கற்பூர வாசனை வரும்; வரத்தான் வேண்டும். டால்மேஷியன் சேஜ் செடியின் இலையை நீராவியில் வடித்து எடுப்பது இது. இதில் இருக்கும் வேதிப்பொருள்களில் வழக்கமாக முதலிடம் துஜோனுக்கு. அடுத்து கற்பூரமும், நீலகிரித் தைலத்தில் இருக்கும் அதே சினியோலும். இந்த ஆயிலுக்கான ஐ.எஸ்.ஓ. 9909 என்ற சர்வதேசத் தரமே ஆல்ஃபா துஜோன் 18 முதல் 43 சதவீதம், கற்பூரம் 4.5 முதல் 24.5 சதவீதம் என்றுதான் வரம்பு வைத்திருக்கிறது. எங்கே விளைந்தது, பூக்கும் முன் அறுத்ததா, பின்னாலா என்பதைப் பொறுத்து அளவு ஏறி இறங்கும். போன சரக்கும் இந்தச் சரக்கும் ஒரே மாதிரி மணக்காததற்குக் காரணம் அதுதான்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். செடிக்குள் போர்னியோல் என்ற பொருள் உருவாகி, அதிலிருந்துதான் கற்பூரம் வருகிறது. கேம்ஃபீன் என்ற இன்னொரு பொருளும் கூடவே இருக்கும். வெளியிலிருந்து சூடத்தைக் கொட்டினால் கற்பூரம் மட்டும் எகிறும், மற்றதெல்லாம் விகிதத்தில் இறங்கும். ஆயிலில் எது எவ்வளவு என்று பிரித்துக் காட்டும் ஜி.சி. (கேஸ் குரோமட்டோகிராபி) ரிப்போர்ட் பார்க்கத் தெரிந்தவர் கண்ணில் அது படாமல் போகாது. எங்கள் ரிப்போர்ட் கல்லாவுக்குப் பக்கத்திலேயே தொங்குகிறது, போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். தெருவில் கடைக்குக் கடை சூடம் விற்பதால் நாங்களும் கலப்போம் என்றால், மிளகாய் மண்டிக்குப் பக்கத்தில் விற்கிற பால் காரமாகவா இருக்கும்?

குழப்பம் எங்கே தொடங்கியது என்று எனக்கு ஓர் ஊகம் உண்டு. கிளேரி சேஜ் வேறு செடி. அதில் லினாலில் அசிட்டேட், லினாலூல் என்ற மணப்பொருள்கள்தான் பிரதானம், அதனால் லாவெண்டர் பக்கம் சாய்ந்த மென்மையான மணம். சோப்பு செய்கிறவர்கள் கேட்பது பெரும்பாலும் அதைத்தான். அதை முகர்ந்து பழகிய மூக்குக்கு டால்மேஷியன் சேஜ் சூடமாகத்தான் படும். லேபிளில் இரண்டு பெயரும் தனித்தனியாகவே இருக்கின்றன. சந்தேகம் இருந்தால் கடையில் காகிதப் பட்டையில் ஒரு சொட்டு விட்டுக் காட்டுகிறோம். முதலில் நீலகிரி போல மூக்கில் ஏறும், அப்புறம் கற்பூரம், கொஞ்ச நேரம் கழித்துக் காய்ந்த தழையின் கசப்பு மணம் தங்கும்.

மருந்தாகக் கேட்டு வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. இந்த ஆயில் சில பாக்டீரியாக்களையும் பூஞ்சைகளையும் தடுப்பது ஆய்வகத் தட்டில் பார்த்த உண்மை. அதை வைத்து, குடித்தால் தொற்று போகும் என்று நாங்கள் சொல்ல மாட்டோம். மூளையில் நரம்புகளின் வேகத்தை அடக்கி வைக்கும் காபா ஏற்பியைத் துஜோன் தடுக்கும். அளவு மீறினால் வலிப்பு வரும். டீயில் ஒரு சொட்டு விடலாமா என்று கேட்கும் அக்காக்களுக்கு என் பதில் எப்போதும் "வேண்டாம்"தான். கர்ப்பிணிகள், வலிப்பு உள்ளவர்கள், குழந்தைகள் பக்கம் இதைக் கொண்டுபோகவே வேண்டாம். மற்றவர்களும் தேங்காய் எண்ணெயில் கலக்காமல் நேராகத் தோலில் தடவாதீர்கள்.

வியாபாரம் போனாலும் பரவாயில்லை என்று இதைச் சொல்லும்போது கோபித்துக்கொள்ளாமல், மறுபடியும் எங்களிடமே வருகிறீர்கள். இந்தச் செய்தி சுற்றிய பிறகும் வந்து, கல்லாவில் நின்று எங்களுக்காக வாதாடியவர்களை மறக்க மாட்டோம். மனமார்ந்த நன்றி.

இறக்குமதி விலை ஏறியிருப்பதால் 15 மில்லி பாட்டில் இனி 10 மில்லியாக வரும், விலை பழையதே. திறந்த பாட்டிலைத் திரும்ப எடுப்பதற்கில்லை.

கிளேரி சேஜ் இருப்பு குறைவு. சோப்புக்கு வாங்குகிறவர்கள் ஒரு போன் போட்டுவிட்டு வாருங்கள்.

அன்புடன்,
கடை உரிமையாளர்