பழைய படத்தை வெளியிடுங்கள், மாற்றி எழுதாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய தமிழ்ப் படங்கள் மீண்டும் திரையரங்குக்கு வருவதைப் பற்றிய செய்திகள் பெரும்பாலும் வசூலோடும் ரசிகர்களின் கொண்டாட்டத்தோடும் நின்றுவிடுகின்றன. 2024 ஏப்ரலில் 'கில்லி' வந்தபோது திரையரங்குகள் நிறைந்தது மகிழ்ச்சியான விஷயம்தான். ஆனால் திரும்பி வருகிற படம் நாம் அன்று பார்த்த அதே படம்தானா என்ற கேள்வியை யாரும் கேட்பதாகத் தெரியவில்லை. சிறு ரசிகர் கூட்டம் விடாமல் கொண்டாடும் கல்ட் படங்களையும் ஃபேண்டஸி தொடர்களையும் நெடுங்காலமாக விரும்பிப் பார்த்துவரும் வாசகன் என்ற முறையில், அந்தக் கேள்வியை உங்கள் நாளிதழ் வழியாக எழுப்ப விரும்புகிறேன்.

2002இல் வெளிவந்து எதிர்பார்த்தபடி ஓடாத 'பாபா', 2022 டிசம்பரில் மறுவெளியீடு கண்டபோது புதிதாகத் தொகுக்கப்பட்டிருந்தது. ரஜினிகாந்த் சில இடங்களுக்கு மீண்டும் குரல் கொடுத்திருந்தார். 2001இல் வந்த 'ஆளவந்தான்' 2023 டிசம்பரில் நீளம் கணிசமாகக் குறைக்கப்பட்டுத் திரைக்கு வந்தது. இந்தக் கத்தரிப்பில் எனக்கு உடன்பாடு இல்லை. நந்து என்ற மனிதனின் கலைந்த மனத்துக்குள் நம்மை இழுத்துக்கொண்டு போய், கொலைவெறி உச்சமடையும் இடத்தில் நிஜ உருவங்கள் கார்ட்டூனாக மாறிவிடுகிற துணிச்சல்தான் அந்தப் படத்தை இத்தனை ஆண்டுகள் பேச வைத்திருக்கிறது. அளவுமீறிப் போவதுதான் அதன் இயல்பு. அன்று அதைத் தூக்கி நிறுத்திப் பேசிய ரசிகர்கள், அந்த மிகையையும் சேர்த்தே நேசித்தவர்கள். விறுவிறுப்பு வேண்டும் என்று அதைச் செதுக்கினால், கையில் மிஞ்சுவது வேறொரு படம்.

இதைவிடக் கவலையளிப்பது 2025 ஆகஸ்டில் நடந்தது. 2013இல் இந்தியில் வந்த 'ராஞ்சனா'வின் தமிழ் வடிவமான 'அம்பிகாபதி'யை, உரிமை வைத்திருந்த நிறுவனம் செயற்கை நுண்ணறிவின் உதவியோடு முடிவை மாற்றித் திரையிட்டது. மூலத்தில் இறந்துபோகும் நாயகன் இதில் பிழைத்துக்கொள்கிறான். இயக்குநர் ஆனந்த் எல். ராயும் நடிகர் தனுஷும் இதை வெளிப்படையாகவே எதிர்த்தார்கள். இருந்தும் படம் அந்த முடிவோடுதான் ஓடியது. தன் காதலால் நேர்ந்த அழிவை உணர்ந்து சாவை ஏற்றுக்கொள்ளும் ஒருவனின் கதை, அவன் கண்விழித்து எழுந்ததும் கதையாகவே நிற்பதில்லை. பதிப்புரிமைச் சட்டம் ஒரு நிறுவனத்துக்கு எதையெல்லாம் அனுமதிக்கிறது என்பது வழக்கறிஞர்கள் பேச வேண்டியது. ஒரு பார்வையாளனாக, அது செய்யத்தகாத காரியம் என்று எண்ணுகிறேன்.

இந்த விஷயத்தில் கற்றுக்கொள்ளத்தக்க பழைய உதாரணம் ஒன்று உண்டு. ரிட்லி ஸ்காட் இயக்கிய அறிவியல் புனைகதைப் படமான 'பிளேட் ரன்னர்' 1982 ஜூன் மாதம் அமெரிக்காவில் வெளிவந்தது. முன்னோட்டக் காட்சிகளில் பார்வையாளர்கள் குழம்பினார்கள் என்பதற்காக, ஹாரிசன் ஃபோர்டின் குரலில் விளக்கவுரை படம் முழுக்கச் சேர்க்கப்பட்டது. நாயகனும் நாயகியும் பசுமையான மலைப்பாதையில் காரில் போவதுபோல ஒரு மங்கல முடிவும் ஒட்டப்பட்டது. அப்படியும் படம் ஓடவில்லை. 1990இல் லாஸ் ஏஞ்சலிஸ் திரையரங்கு ஒன்றில், வெளியீட்டுக்கு முந்தைய வேலைப் பிரதி ஒன்று திரையிடப்பட்டபோதுதான் இன்னொரு 'பிளேட் ரன்னர்' இருப்பதே ரசிகர்களுக்குத் தெரியவந்தது. அதற்குக் கிடைத்த வரவேற்பு 1992இல் விளக்கவுரையும் ஒட்டு முடிவும் இல்லாத வடிவத்துக்கு வழிவகுத்தது. 2007இல் இயக்குநர் தம் முழுப் பொறுப்பில் இறுதி வடிவத்தை வெளியிட்டார்.

விளக்கவுரை என்ன கெடுத்தது என்பதை ஒரே காட்சியில் உணரலாம். கொட்டும் மழையில், மாடி உச்சியில், தன்னைக் கொல்ல வந்த நாயகன் டெக்கார்டையே காப்பாற்றிவிட்டு, ராய் பேட்டி என்ற செயற்கை மனிதன் தலைகுனிந்து அடங்கிப்போகிறான். அவன் கையிலிருந்த புறா பறந்துபோகிறது. 1982 வடிவத்தில், அந்த மௌனம் நெஞ்சில் இறங்குவதற்குள், அவன் ஏன் தன்னைக் காப்பாற்றியிருப்பான் என்று டெக்கார்டின் குரல் காரணம் சொல்லத் தொடங்கிவிடுகிறது. பிந்தைய வடிவங்களில் மழையும் டெக்கார்டின் முகமும் மட்டுமே இருக்கின்றன. பார்ப்பவரே உணர்ந்துகொள்வார் என்ற நம்பிக்கை அங்கே இருக்கிறது. என் பார்வையில், படம் பிழைத்தது அந்த நம்பிக்கையால்தான்.

அப்படியென்றால் அதுவும் திருத்தம்தானே என்று சிலர் கேட்கக்கூடும். 2007 வடிவத்தில் கணினி வேலையும் உண்டு. ஒரு பாத்திரம் சுடப்பட்டு விழும் காட்சியில் மாற்று நடிகையின் முகம் தெரிந்ததால், அங்கே அந்தப் பாத்திரத்தில் நடித்த ஜோவானா காசிடியின் முகம் பொருத்தப்பட்டது. ஆனால் அவை இயக்குநரின் கையால் நடந்தன. அதைவிட முக்கியமாக, அந்த ஆண்டு வெளிவந்த வட்டுத் தொகுப்பில் வேலைப் பிரதி, 1982இன் திரையரங்கு வடிவங்கள், 1992 வடிவம், இறுதி வடிவம் ஆகிய அனைத்தும் ஒன்றாகத் தரப்பட்டன. பழையது மறைக்கப்படவில்லை. விளக்கவுரை உள்ள வடிவத்தையே விரும்புகிறவர்கள் இன்றும் அதைப் பார்க்கலாம்.

தமிழில் இந்த மதிப்பு கிடைக்க வேண்டிய முதல் படம் என்று நான் கருதுவது செல்வராகவனின் 'ஆயிரத்தில் ஒருவன்'. 2010 பொங்கலுக்கு வந்தபோது அதன் நீளம் பெரிய குறையாகப் பேசப்பட்டது; 2021 டிசம்பர் 31 அன்று மீண்டும் திரைக்கு வந்தபோதோ ரசிகர்கள் கூட்டம் கூட்டமாகப் போனார்கள். மாலை வெயிலில் விழும் நடராசர் வடிவ நிழலுக்குள்ளேயே கால் வைத்து முதன்மைப் பாத்திரங்கள் மூவரும் ஓடும் காட்சியை ஒருமுறை பார்த்தவர் மறக்க முடியாது. நிழல் நகர நகர, மணல் அவர்களை விழுங்கக் காத்திருக்கிறது. பிற்பாதியில் பட்டினியால் வாடும் சோழர் கூட்டமும், பார்த்திபன் ஏற்ற மன்னனின் வெறியும் இரக்கமும், ஜி. வி. பிரகாஷ்குமார் இசையில் 'தாய் தின்ற மண்ணே' பாடலும் நின்று நிதானித்துத்தான் தம் வேலையைச் செய்கின்றன. அந்த நிதானத்தில் கத்தரி படக்கூடாது.

தொலைக்காட்சித் தொடர்களின் நிலை இன்னும் பலவீனமானது. 1963இல் பிபிசி தொடங்கிய அறிவியல் புனைகதைத் தொடரான 'டாக்டர் ஹூ'வின் தொடக்க கால ஒளிநாடாக்கள் பல, மறுபயன்பாட்டுக்காகவும் இடவசதிக்காகவும் அழிக்கப்பட்டன. தொண்ணூறுக்கும் மேற்பட்ட அத்தியாயங்களுக்கு இன்று படம் இல்லை. வீட்டில் தொலைக்காட்சிப் பெட்டி முன் ஒலிப்பதிவுக் கருவியை வைத்த ரசிகர்களால் அவற்றின் ஒலி மட்டும் முழுமையாகத் தப்பியது. 2013இல் நைஜீரியாவின் ஜோஸ் நகரிலிருந்து ஒன்பது அத்தியாயங்கள் மீட்கப்பட்டதாக அறிவிப்பு வந்தது. இந்திரா சௌந்தர்ராஜன் எழுதி நாகா இயக்கிய 'மர்மதேசம்' நம்மிடம் அப்படித் தொலையாமல், யூடியூபில் எவரும் பார்க்கும்படி இருப்பதை நான் பெரும் பேறாகவே எண்ணுகிறேன். 'விடாது கருப்பு' கதையில் குதிரைக் குளம்பொலி கேட்கும்போது எழும் அச்சம், இன்றைய எந்த வரைகலையாலும் கூடப்போவதில்லை. அதை மெருகேற்ற எவரும் முயலாதிருக்க வேண்டும்.

பார்வையாளர்களுக்கும் இதில் எல்லை உண்டு. 2019இல் 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' எட்டாவது பருவத்தோடு முடிந்தபோது, அந்தப் பருவத்தையே மீண்டும் எடுக்கக் கோரும் இணைய மனுவில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் கையொப்பமிட்டார்கள். அதன் முக்கிய நாயகிகளுள் ஒருத்தியான டேனேரிஸின் வீழ்ச்சி அவசரமாகச் சொல்லப்பட்டது என்பதில் எனக்கும் ஐயமில்லை. ஆறே அத்தியாயங்கள் அதற்குப் போதவில்லை. ஆயினும் தொடரை ஒளிபரப்பிய எச்பிஓ நிறுவனம் அந்தக் கோரிக்கைக்கு இணங்காதது சரியே. மேசையில் தவறுதலாக விடப்பட்ட காபிக் கோப்பையை ஒளிபரப்புக்குப் பின் நீக்கினார்கள். அது துப்புரவு வேலை. பிடிக்காத முடிவை மாற்றுவது அப்படிப்பட்டதன்று. அது ஏன் பிடிக்கவில்லை என்று விவாதிக்கவாவது அந்த முடிவு இருந்தாக வேண்டும்.

ஆகவே, படத்தின் உரிமையாளர்கள் எந்த மாற்றத்தோடு மறுவெளியீடு செய்தாலும், அதை விளம்பரத்திலேயே தெரிவிக்க வேண்டும். முதலில் வெளியான வடிவத்தையும் ஏதேனும் ஓர் ஓடிடி தளத்தில் கிடைக்கச் செய்ய வேண்டும். இயக்குநர் உயிரோடிருந்தால் அவர் ஒப்புதலின்றி முடிவைத் தொடக்கூடாது. உங்கள் நாளிதழிடமும் ஒரு வேண்டுகோள் உண்டு. மறுவெளியீட்டுச் செய்தியும் விமர்சனமும் வெளியிடும்போது, திரையிடப்பட்டது எந்த வடிவம், முதல் வெளியீட்டைவிட எத்தனை நிமிடம் குறைவு அல்லது கூடுதல், மாற்றம் யார் பொறுப்பில் செய்யப்பட்டது ஆகிய விவரங்களைக் கேட்டு எழுதுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
திருச்சிராப்பள்ளி.