அப்பா எழுதுவது

அன்புள்ள பாப்பாவுக்கு,

இங்கே அம்மாவும் நானும் நலம். மேட்டூரை ஜூன் 12 அன்றே திறந்துவிட்டதால் குடமுருட்டியில் கரை தொட்டுத் தண்ணீர் ஓடுகிறது. குறுவை கதிர் வாங்கத் தொடங்கிவிட்டது. நீ வேளாவேளைக்குச் சாப்பிடு. இரவு சீக்கிரம் படு.

நேற்று இங்கே மணி 12. சிங்கப்பூரில் இரண்டரை. வாட்ஸ்அப்பில் உன் பெயருக்குக் கீழே 'ஆன்லைன்' என்று வருவதும் மறைவதுமாக இருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். 'தூங்கவில்லையா' என்று எழுதி, அனுப்பாமல் அழித்துவிட்டேன். மாப்பிள்ளை ஊரில்தானே இருக்கிறார்?

நம் குடும்பக் குழுவிலிருந்து நீ விலகியது, அட்மின் என்பதால் எனக்கு மட்டும் காட்டியது. அத்தைக்கும் சித்தப்பாவுக்கும் தெரியாது. ஆடிப்பெருக்குப் படங்களுக்கு நீ ஒன்றுமே சொல்லவில்லை என்று அத்தை குறைப்பட்டாள். வேலை அதிகம் என்று சமாளித்தேன். ஆனாலும் எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பெற்றவர்களுக்கு நீல டிக் போதுமா?

இதெல்லாம் கெடுதல் என்று சொல்கிறவன் இல்லை நான். 2018-இல் கஜா புயல் அடித்தபோது, விடுதியில் இருந்தபடியே முகநூலில் எழுதி எழுதி வேதாரண்யத்துக்கு ஒரு லாரி தார்ப்பாய் வரவழைத்தவள் நீ. இன்றைக்கும் டீக்கடையில் அதைச் சொல்லாமல் நான் எழுந்ததில்லை. உன்னைப் பற்றி எது கிடைத்தாலும் நாலு பேரிடம் சொல்லியாக வேண்டும் எனக்கு.

"மூன்று மாதம் போகட்டும் அப்பா, யாரிடமும் சொல்லாதீர்கள்" என்றாய். சரி என்றேன். போனை வைத்துப் பத்து நிமிடம் ஆகவில்லை, குழுவில் போட்டுவிட்டேன். நீ பிறந்தபோது 18 இன்லாண்டு எழுதினேன், இரண்டு இரவு ஆயிற்று. ஒவ்வொன்றை மடிக்கும்போதும், இவருக்கு இப்போதே சொல்லலாமா, பொறுக்கலாமா என்று மனம் கேட்டது. இதில் கேட்பதற்குள் போய்விட்டது. வந்த வாழ்த்துகளை எண்ணினேன், 31. அம்மாவிடம் ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டினேன்.

பிறகு அப்படி ஆனதும், அந்த 31 பேரும் உன்னைத்தான் கேட்டார்கள். ஒவ்வொருவருக்கும் நீயே பதில் எழுதினாய். நான் அழிக்கப் போனேன். இரண்டரை நாள் தாண்டினால் எல்லோருக்குமாக அழிக்க முடியாதாம். நான் போட்ட இரண்டு வரி இன்னும் அங்கேயே கிடக்கிறது. அதற்குக் கீழே அத்தை போட்ட தொட்டில் படம். 160 வருடம் ஓடிய தந்தியே 2013-இல் நின்றுபோனது, இந்த வாட்ஸ்அப்பும் ஒரு நாள் போய்விடும். அந்த இரண்டு வரியை நீ மறப்பாயா என்பதுதான் தெரியவில்லை.

தப்பு என்னுடையது பாப்பா. அம்மா அன்றைக்கே தடுத்தாள், நான் கேட்கவில்லை.

குழுவுக்கு நீ திரும்ப வரவேண்டாம். ஞாயிறு மாலை 4 மணிக்குப் போனை வைத்துக்கொண்டு திண்ணையில் இருப்பேன். என்னிடம் பேசப் பிடிக்கவில்லை என்றால் அம்மாவிடம் கொடுத்துவிட்டு வயலுக்குப் போய்விடுகிறேன். என்ன பேசினீர்கள் என்று கேட்கமாட்டேன்.

இதைப் பாபநாசம் தபால் நிலையத்தில் நானே கொண்டுபோய்ப் போடுகிறேன். இரவு சீக்கிரம் படு.

அப்பா