கயிறு மட்டும் புதுசாய் இருக்கட்டும், பாப்பா

சுங்கை சிப்புட், மலேசியா,
ஞாயிறு காலை

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். போனில் நான் பாதி சொல்வதற்குள் உனக்கு வேலை வந்துவிடுகிறது. அதனால்தான் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். தம்பி படம் பிடித்து அனுப்புவான், நிதானமாகப் படி.

மரம் ஏறிக் கிளை வெட்டும் வேலைக்கென்று நீ அனுப்பிய சாமான் பட்டியலைத் தம்பி படித்துக் காட்டினான். இடுப்பிலும் தொடையிலும் மாட்டும் ஹார்னஸ், ஹெல்மெட், 45 மீட்டர் கயிறு, அந்தக் கயிற்றைச் சுற்றி ஏறி இறங்க முடிச்சு போடும் சின்னக் கயிறு, இடுப்பைச் சுற்றி மரத்தோடு கட்டிக்கொள்ளும் குட்டைக் கயிறு, ஆறு காராபினர் கொக்கி, கிளைக்கு மேலே வீசும் எறிநூல், கைரம்பம், காலில் கட்டும் முள், மரத்துக்கு மேலே பிடிக்கிற சின்ன செயின்சா. எல்லாம் சேர்த்து ஒன்பதாயிரம் வெள்ளிக்கு மேல் வருகிறது. கூட வேலை செய்யும் அண்ணன் ஒருவர் தன் பழைய கயிற்றையும் ஹார்னஸையும் மலிவாய்த் தருகிறார், அதை எடுத்துக்கொண்டால் கையில் மிச்சமாகும் பணத்தில் செயின்சாவை இப்போதே வாங்கிவிடலாம் என்று எழுதியிருந்தாய். அதைக் கேட்டதிலிருந்து எனக்கு மனசு சரியில்லை.

உன் பெரிய மாமா காலைச் சாய்த்து நடப்பதைச் சின்ன வயசிலிருந்து பார்த்திருக்கிறாய். மரத்திலிருந்து விழுந்தார் என்று தெரியும். எப்படி விழுந்தார் என்று உனக்கு முழுசாய்ச் சொன்னதில்லை. தோட்டத்தில் ரப்பர் பால் மரங்களைத் தள்ளிவிட்டு செம்பனை போட்ட சமயம், மாமாவுக்கு நிரந்தர வேலை இல்லை. பட்டணத்து குத்தகைக்காரர் ஒருவரோடு போய் ரோட்டோரத்துத் தூங்குமூஞ்சி மரங்களில் கிளை கழித்துக்கொண்டிருந்தார். ஏறுவதற்கென்று தனியாய் ஒரு கயிறு அந்த ஆளிடம் இல்லை. லாரியில் கட்டை கட்டுகிற நைலான் கயிற்றையே இடுப்பில் கட்டிக்கொண்டு ஏறச் சொன்னார். மாமாவும் ஏறினார். இரண்டு மாடி உயரத்தில், சாய்ந்து ரம்பத்தை இழுக்கும்போது கயிறு விட்டுவிட்டது. இடுப்பெலும்பு உடைந்து மூன்று மாதம் படுக்கை.

அந்தக் கயிற்றின் அறுந்த முனையை நான் கையில் எடுத்துப் பார்த்தேன், பாப்பா. வெளியே நீல நிறம் பளபளப்பாய் அப்படியே இருந்தது. பிரித்தால் உள்ளே நூல் காய்ந்த பஞ்சு மாதிரி பொடிந்து விரலில் ஒட்டியது. லாரியில் பேட்டரிக்குப் பக்கத்திலேயே அந்தக் கயிறு கிடக்குமாம். பேட்டரி ஆசிட் நைலானைத் தின்றுவிடும் என்று பிற்பாடுதான் தெரிந்தது. ஏறிய அன்றைக்கு யார் பார்த்திருந்தாலும் நல்ல கயிறு என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

அதனால் சொல்கிறேன். உன் உயிரைத் தாங்குகிற சாமான் எதையும் பழசாய் வாங்காதே. கயிறு, ஹார்னஸ், முடிச்சுக் கயிறு, குட்டைக் கயிறு, ஹெல்மெட், இவை ஐந்தும் கடையில் முத்திரை பிரிக்காமல் வரவேண்டும். அந்த அண்ணன் நல்லவராகவே இருக்கட்டும். அவர் கயிறு எத்தனை தரம் கிளையில் உரசியது, எந்த வெயிலில் கிடந்தது, செயின்சா எண்ணெய் சிந்தியதா, ரம்பப் பல் பட்டதா, அவருக்கே முழுசாய் நினைவிருக்காது. ஹார்னஸ், கயிறு மாதிரி துணிச் சாமானுக்கு, உபயோகிக்காமலே வைத்திருந்தாலும், தயாரித்த நாளிலிருந்து பத்து வருஷம்தான் ஆயுள் என்று பல கம்பெனிக்காரர்கள் எழுதி வைக்கிறார்கள். நீ போன தடவை விட்டுப்போன புத்தகத்தில் தம்பி அதைக் காட்டினான். வாங்கும்போது சீட்டில் தயாரித்த வருஷத்தைப் பார். கடைக்காரர் அலமாரியில் நாலு வருஷம் கிடந்ததைப் புதுசு என்று தலையில் கட்டிவிடப் போகிறார்.

கயிற்றில் இஎன் 1891 என்கிற ஐரோப்பியத் தர எண், அதில் ஏ வகை என்று இருக்கவேண்டும். அந்த வகைக்குக் குறைந்தது 22 கிலோநியூட்டன், அதாவது ஏறக்குறைய 2,200 கிலோ இழுப்பைத் தாங்கவேண்டும் என்பது கணக்கு. என் பிள்ளை ஐம்பத்தைந்து கிலோ, எதற்கு இவ்வளவு என்று கேட்டேன். முடிச்சு போட்டாலே பலம் குறையும், ஜெர்க் அடித்தால் எடை பல மடங்காகும் என்று தம்பி விளக்கினான். சரி, புரிந்தது. முடிச்சுக் கயிறு பெரிய கயிற்றைவிட மெல்லிசாய் இருக்கவேண்டும், சூடு தாங்குகிற நூலில் செய்ததாய் இருக்கவேண்டும். வேகமாய் இறங்கினால் உரசலில் அந்த இடம் கொதிக்கும் என்று நீதானே சொன்னாய்? டைனீமா என்று ஒரு நூல் ரொம்பப் பலம், ஆனால் 150 டிகிரிக்குள்ளேயே உருகிவிடும். அதில் செய்த கயிற்றை மலிவாய்க் கிடைக்கிறது என்று அந்த முடிச்சுக்கு எடுத்துவிடாதே.

ஹெல்மெட் விஷயத்தில் உன் அப்பாவுக்கும் எனக்கும் வாக்குவாதமே வந்தது. கட்டட வேலைக்காரர் தொப்பி வீட்டில் இரண்டு இருக்கிறது, அதைக் கொடுத்தனுப்பு என்றார். கூடாது. அந்தத் தொப்பியின் தாடை வார் ஓரளவுக்கு மேல் இழுத்தால் விட்டுவிடுகிற மாதிரிதான் செய்கிறார்கள், எதிலாவது மாட்டினால் கழுத்தை நெரிக்கக்கூடாது என்பதற்காக. நீயோ கயிற்றில் ஊசலாடிப் போய் மரத்தில் மோதக்கூடியவள். மோதுகிற நேரத்தில் தொப்பி தலையிலேயே நிற்கவேண்டும். மலை ஏறுகிறவர்கள் போடுகிற வகை, இஎன் 12492 என்று போட்டிருப்பதை வாங்கு.

ஹார்னஸைப் படத்தைப் பார்த்து ஆர்டர் போடாதே. கடைக்கே போ, அங்கே தொங்கவிடச் சொல்லி அரைமணி நேரம் உட்கார்ந்து பார். தொடை மரத்துப்போகிறதா, இடுப்பு எலும்பில் குத்துகிறதா, கையை மேலே தூக்கினால் நழுவுகிறதா என்று பார். பொம்பளைப் பிள்ளை இடுப்புக்கும் ஆம்பளை இடுப்புக்கும் வித்தியாசம் இருக்கிறது, கூச்சப்படாமல் கேள். கடைக்காரர் முகம் சுளித்தால் வேறு கடைக்குப் போ.

காலில் கட்டும் முள் இப்போது வேண்டாம், பாப்பா. இதை அம்மா ரப்பர் மரத்தில் பால் வெட்டியவளாய்ச் சொல்கிறேன். இருபத்தி ஆறு வருஷம் விடியற்காலையில் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு மர வரிசையான நிறைக்குப் போனவள் நான். என் அம்மா எனக்குக் கொடுத்த பால் கத்தி இன்னும் அலமாரியில் இருக்கிறது. வேறு யார் கத்தியையும் நான் தொட்டதில்லை, என் கத்தியை யாருக்கும் கொடுத்ததும் இல்லை. அவளவள் கையின் சாய்வுக்குத் தகுந்தமாதிரிதான் கத்தி தீட்டப்பட்டிருக்கும். பட்டையை ஒரு நூல் கனம் சீவி எடுக்கவேண்டும், உள்ளே கட்டையைத் தொட்டுவிடக்கூடாது. தொட்டுவிட்டால் அந்த இடத்தில் புண் ஆறி மேடும் பள்ளமுமாய்ப் பட்டை வரும், பிறகு வருஷக்கணக்கில் அங்கே கத்தி ஓடாது. மேற்பார்வை பார்க்கிற மண்டோர் பால் விழும் மங்குக் கிண்ணத்தைப் பார்க்கமாட்டார், முதலில் வெட்டைத்தான் பார்ப்பார். மரம் வளர்வதே பட்டைக்கு அடியில் இருக்கிற அந்த மெல்லிய படலத்தில்தான். முள்ளைக் கட்டிக்கொண்டு ஏறினால் ஒவ்வொரு அடிக்கும் அதில் ஒரு ஓட்டை. வெட்டி அகற்றப் போகிற மரத்துக்கு முள் சரி. வாழப் போகிற மரத்தில் கயிறு போட்டுத்தான் ஏறவேண்டும். தைப்பிங் ஏரித் தோட்டத்தில் தூங்குமூஞ்சிக் கிளைகள் ரோட்டைத் தாண்டித் தண்ணீர்வரை வளைந்து நிற்பதை நீ சின்ன வயசில் வாயைப் பிளந்து பார்ப்பாய். அந்தத் தோட்டம் 1880களில் உண்டானது. அப்படி நிற்கிற மரத்தில் யாராவது முள் குத்தி ஏற மனசு வருமா?

செயின்சாவும் இப்போது வேண்டாம். மேலே ரம்பத்தை இயக்கும்போது உன்னை மரத்தோடு இரண்டு இடத்தில் கட்டியிருக்கவேண்டும் என்று உங்கள் ஆசிரியரே சொல்லியிருக்கிறாரே. அந்தப் பழக்கம் கையில் ஊறுகிற வரைக்கும் கைரம்பம் போதும்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. நீ சம்பளத்துக்குப் போகிறவளாய் இருந்தால், முதலாளி கொடுக்கவேண்டிய பாதுகாப்புச் சாமானுக்கு உன்னிடம் ஒரு சென்கூட வாங்கக்கூடாது. நம் நாட்டின் 1994-ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தில் 26-வது பிரிவு அதைத்தான் சொல்கிறது. சம்பளத்தில் பிடிக்கிறேன் என்றால் ஒத்துக்கொள்ளாதே. மாமாவுக்கு அன்றைக்கு இதைச் சொல்ல ஆளில்லை. நாள்கூலியாய்ப் பல பேரிடம் போகிறாய் என்றால் சாமான் உன்னுடையதுதான், அப்போது சொக்சோ என்கிற சமூகப் பாதுகாப்பு நிறுவனத்தில் சுயதொழில் செய்கிறவர்களுக்கான திட்டத்தில் பதிந்துகொள். அதற்கு 2017-லேயே தனிச் சட்டம் வந்துவிட்டது. மாமாவுக்கு அதுவும் இல்லாமல்தான் மூன்று மாதம் உன் பாட்டி நகையை வைத்துச் சமாளித்தோம்.

வாங்கியபின் கயிற்றைப் பைக்குள் தனியாய் வை. கார் பின்பக்கத்தில் எண்ணெய் டின்னோடு போடாதே. மழையில் நனைந்தால் நிழலில் விரித்துக் காயவை, நம் ஊர் ஈரத்தில் இரண்டே நாளில் பூஞ்சை பிடிக்கும். ஒவ்வொரு தரமும் ஏறுமுன் முழு நீளத்தையும் விரல் நடுவே விட்டு இழுத்துப் பார், எங்கேயாவது மெலிந்தோ கெட்டியாகவோ பட்டால் அங்கே கண்ணை வை. யார் கேட்டாலும் இரவல் கொடுக்காதே. கீழே உன்னை இறக்கத் தெரிந்த ஆள் இல்லாமல் ஏறாதே. கெரெங்கா எறும்புக் கூடும் குளவிக் கூடும் இருக்கிறதா என்று கீழேயிருந்தே நன்றாய்ப் பார்த்துவிட்டு ஏறு.

சீட்டு எடுத்த பணம் மூவாயிரத்து இருநூறு வெள்ளி இன்றைக்குத் தம்பி உன் கணக்கில் போடுவான். அப்பா அறுநூறு கொடுத்தார். பழைய கயிற்றைத் தருகிறேன் என்ற அண்ணனிடம் நன்றி சொல்லி, வேண்டாம் என்று சொல்லிவிடு, மனசு நோகப் பேசாதே.

தீபாவளிக்கு வரும்போது புதுக் கயிறையும் ஹார்னஸையும் கொண்டு வா. வீட்டுக்குப் பின்னால் இருக்கிற மாமரத்தில் போட்டுக் காட்டு. மாமாவையும் அன்றைக்கு வரச் சொல்லியிருக்கிறேன். கயிற்றை அவர் கையால் ஒருதரம் தடவிப் பார்க்கவேண்டும் என்கிறார்.

அன்புடன்,
அம்மா