லித்வியாக்கின் தலைமுடி

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் சோவியத் பெண் விமானிகள் பற்றிய கட்டுரையை ஆசையோடு பிரித்தேன். லிதியா லித்வியாக்கை ‘தலைமுடிக்குச் சாயமேற்றிக்கொண்டு வானில் வலம்வந்த அழகி’ என்று எழுதியிருந்தீர்கள். பத்திரிகையை மூடி வைத்துவிட்டேன். மிச்சத்தை மறுநாள்தான் படித்தேன்.

இரண்டாம் உலகப் போரில், 1942 செப்டம்பரில் ஸ்தாலின்கிராட் வானில் ஜெர்மன் விமானங்களை வீழ்த்தியவர் அவர். 1943 ஆகஸ்ட் 1 அன்று யாக்-1 சண்டை விமானத்தில் போனவர் திரும்பவில்லை. 22 வயது நிறைய இன்னும் 17 நாள் இருந்தது. உடல் கிடைக்காததால், எதிரியிடம் பிடிபட்டிருப்பாரோ என்று சந்தேகப்பட்டார்கள். அதனால் நாட்டின் உயரிய வீரப்பட்டத்தை 1990இல்தான் கொடுத்தார்கள். இதெல்லாம் தாங்கள் அறியாததா? கட்டுரையில் முடிக்கு ஒரு பத்தி, இதற்கு ஒரு வரிகூட இல்லை.

சரி, படமாவது ஒழுங்கா? ‘சண்டை விமானத்தின் முன் பெண் விமானிகள்’ என்று போட்டிருக்கிறீர்கள். படத்தில் இருப்பது மரமும் துணியும் கொண்டு செய்த போ-2. இரவில் குண்டு வீசப் போன 588ஆவது படைப்பிரிவு ஓட்டியது அது. எதிரி விமானங்களோடு வானில் மோதும் சண்டை விமானம் ஓட்டிய பெண்களின் படைப்பிரிவு 586. அதைச் சேர்ந்த தமரா பமியாத்னிக், ரைசா சுர்னாசெவ்ஸ்கயா இருவரும் 1943 மார்ச்சில் 42 ஜெர்மன் விமானங்களை எதிர்த்துப் போனார்கள். இரண்டே விமானங்கள். நான்கை வீழ்த்தினார்கள். அதைப் பற்றியும் ஒரு சொல் இல்லை.

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று கேட்கலாம். நான் 31 ஆண்டுகள் இயந்திரப் பராமரிப்புப் பிரிவில் வேலை பார்த்தவள். ஓய்வுபெற்ற அன்று மூன்று பேர் பாராட்டிப் பேசினார்கள். மூன்று பேரும் என் சிரித்த முகத்தைச் சொன்னார்கள். நள்ளிரவில் நான் பிரித்துப் பூட்டிய ஒரு பம்ப்பைப் பற்றிக்கூட யாரும் பேசவில்லை. அன்று வாய் திறக்காமல் வந்துவிட்டேன்.

லித்வியாக்கின் விமானத்தைப் பராமரித்த இன்னா பாஸ்போர்த்னிகோவா, போர் முடிந்த பிறகும் பல ஆண்டுகள் அந்த விமானம் விழுந்த இடத்தைத் தேடினார். ஒரு மெக்கானிக்குக்கு அது என்ன தவிப்பு என்று எனக்குத் தெரியும். இந்தப் பெண்ணின் பெயர் கட்டுரையில் எங்கே?

பெண் விஞ்ஞானி ஒருவரின் புடவையைப் பற்றி எழுதியபோதும் தங்களுக்குக் கடிதம் போட்டேன். வெளிவரவில்லை. அப்புறம் இரண்டு முறை எழுதினேன், பதிலும் இல்லை. இதையும் முழுதாகப் போட இடமிருக்காது. படக்குறிப்பை மட்டுமாவது திருத்தி, அது போ-2 குண்டுவீச்சு விமானம் என்று அடுத்த ஞாயிறு ஒரு வரி போடுங்கள்.

தங்கள்,
நெடுநாள் வாசகி