240 வாட் விளக்குக்குக் காசு வாங்கிக்கொண்டு 100 வாட் அனுப்பியது தொடர்பாக

பெறுநர்
குறைதீர்ப்பு அலுவலர் அவர்கள்

அனுப்புநர்
உங்கள் 4×4 முழு கிட் வாங்கிய வாடிக்கையாளர்,
கீழக்கரை வட்டம், ராமநாதபுரம் மாவட்டம்

பொருள்: வீட்டுக்குள் மண்ணில்லாமல் உரத் தண்ணீரில் செடி வளர்க்கும் 4×4 (நாலடிக்கு நாலடி டென்ட்) கிட் – விளம்பரத்துக்கு மாறான விளக்கு, பழுதான பிஎச் மீட்டர் (தண்ணீரின் அமில-கார அளவைக் காட்டும் கருவி), தவறான ஆலோசனை – முழுத் தொகையையும் திருப்பித் தருதல் குறித்து.

ஐயா / அம்மா,

வணக்கம். வாட்ஸ்அப், மின்னஞ்சல், கட்டணமில்லாத எண் என்று உங்கள் கம்பெனியின் எல்லா வாசலையும் தட்டி முடித்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். கூப்பிடும்போதெல்லாம் ஒரு புது டிக்கெட் எண் தருகிறீர்கள். சாயங்காலத்துக்குள் "தீர்க்கப்பட்டது" என்று குறுஞ்செய்தி வந்துவிடுகிறது. டென்ட், விளக்கு, ஃபேன், கார்பன் ஃபில்டர், பிஎச் மீட்டர், ஏ-பி உரம், டைமர், ஏர் பம்ப், செடி வைக்கும் வாளிகள் என்று கிட்டில் என்ன இருக்கிறது என்பது விற்ற உங்களுக்குத் தெரியும், அதனால் அதையெல்லாம் மறுபடி விவரிக்கவில்லை. பிரச்சினைக்கு வருகிறேன்.

உங்கள் பக்கத்தில் போட்டிருப்பது "அசல் 240 வாட், குவாண்டம் போர்டு", அதாவது எல்இடி பதித்த தட்டை விளக்கு. அட்டைப்பெட்டியிலும் 240 என்றுதான் அச்சடித்திருக்கிறது. ஆனால் போர்டோடு வந்த டிரைவரின் (விளக்குக்கு மின்சாரம் கொடுக்கும் பெட்டி) பக்கவாட்டு ஸ்டிக்கரைப் பாருங்கள், 100 வாட். வாட் மீட்டரைப் பிளக்கில் செருகி, டிம்மரை (வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகை) முழுக்கத் திருப்பி, 228 வோல்ட்டில் அளந்தால் காட்டுவது 108. டிரைவரில் சூடாகிப் போகும் மின்சாரமும் இதில் அடக்கம். "டிம்மரைக் கூட்டினீங்களா சார்?" என்று உங்கள் ஆட்கள் இன்னொரு தடவை கேட்க வேண்டாம். மீட்டர், டிம்மர், ஸ்டிக்கர் மூன்றும் ஒரே சட்டத்தில் தெரியும்படி எடுத்த வீடியோ உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது.

இதை வெறும் மின்சாரக் கணக்கு என்று நினைத்துவிடாதீர்கள். வாட்டுக்கு நொடிக்கு 2.5 மைக்ரோமோல் (செடிக்குப் பயன்படும் வெளிச்சத்தின் அளவு) என்று உங்கள் விளம்பரம் சொல்வதையே நம்பிக் கணக்குப் போடுகிறேன். 1.2 மீட்டருக்கு 1.2 மீட்டர் டென்ட்டில் 240 வாட் என்றால் சதுர மீட்டருக்கு நொடிக்குச் சுமார் 417 மைக்ரோமோல். தினம் 16 மணி நேரம் எரித்தால் சதுர மீட்டருக்கு ஒரு நாளைக்கு 24 மோல் (ஒரு மோல் என்பது பத்து லட்சம் மைக்ரோமோல்). மிளகாயும் குடைமிளகாயும் காய்க்க 20-க்கு மேல் வேண்டும், ஆக அது போதும். 100 வாட்டில் அதே கணக்கு 174 மைக்ரோமோலுக்கும் 10 மோலுக்கும் இறங்கிவிடுகிறது. சுவரில் பட்டு வீணாவதை நான் கழிக்கவே இல்லை. பத்து மோலில் லெட்டூஸே இழுத்துப் பிடித்துத்தான் வளரும். மிளகாய் கணுவுக்குக் கணு நீண்டு, தண்டு பென்சில் பருமன்கூட வராமல் சாய்ந்து, வைத்த நாலு பூவையும் உதிர்த்துவிட்டது. விளக்கை இலைக்குப் பக்கத்தில் இறக்கச் சொன்னீர்கள். இறக்கினால் நடுவில் உள்ள செடிக்கு வெளிச்சம் கூடும், ஓரத்துச் செடிக்குக் குறையும். விளக்கிலிருந்து வெளிவரும் மொத்த வெளிச்சம் அப்படியே இருக்கும், கூடாது.

இதற்கு வந்த முதல் பதில், "கடற்கரை ஊர், உப்புக் காற்று, வாரண்டி செல்லாது". உப்புக் காற்று என்ன செய்யும் என்று இங்கே இருக்கிறவர்களுக்கு நீங்கள் பாடம் எடுக்க வேண்டாம். ஃபேனின் செம்பு முனைகள் பச்சை பிடித்துவிட்டன, டென்ட் ஜிப்பின் இழுப்பான் துருவேறி நடுவில் சிக்குகிறது. தூசியும் பீய்ச்சும் தண்ணீரும் புகாத ஐபி65 என்று போட்டுவிட்டு, இணைப்பு முனைகளை மூடாமல் திறந்தபடி அனுப்பினால் அப்படித்தான் ஆகும். சரி, அதை ஒதுக்கிவைப்போம். உப்புக் காற்று ஸ்டிக்கரில் இருக்கும் 240-ஐ 100 ஆக அரித்துவிடுமா? இதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள்.

மாற்று விளக்கு அனுப்பிவிட்டதாகச் செய்தி வந்தது. கூரியர்காரர்கள் எங்கள் பக்கம் டெலிவரி கிடையாது, ராமநாதபுரம் கிளைக்கு வந்து வாங்கிக்கொள் என்றார்கள். வெயிலில் பஸ் ஏறிப் போய், கையெழுத்துப் போட்டு, அங்கேயே பிரித்துப் பார்த்தால் உள்ளே இருந்தது இன்னொரு கார்பன் ஃபில்டர்! கேட்காத ஃபில்டர் இப்போது இரண்டு இருக்கிறது. மிளகாய்க்கும் புதினாவுக்கும் கார்பன் ஃபில்டர் எதற்கு? அது வாடையை மறைக்கிற சாமான். போதாததற்கு, காற்றில் ஈரப்பதம் 70 சதவீதத்தைத் தாண்டினால் கரியின் உறிஞ்சும் திறன் மட்டுப்படும், எங்கள் ஊரில் அதைத் தாண்டாத இரவு அபூர்வம். டென்ட்டின் கொள்ளளவு 2.88 கன மீட்டர். நிமிடத்துக்கு ஒரு தடவை காற்று மாற மணிக்குச் சுமார் 173 கன மீட்டர் வேண்டும். உங்கள் 4 அங்குல ஃபேன் அதைத் தட்டுத்தடுமாறித்தான் எட்டும். அதன் வாயில் ஃபில்டரை மாட்டி, குழாயையும் ஒரு வளைவு வளைத்தால் இன்னும் குறையும். உள்ளே சூடு ஏறும், பூ உதிரும். அதனால் ஃபில்டரை நான் மாட்டவே இல்லை. ஆனால் காசு மட்டும் கட்டியிருக்கிறேன்.

வாடையை மறைக்கிற சாமான் என்றேன் அல்லவா, அங்கேதான் எனக்குக் கொதிக்கிறது. உங்கள் இரண்டாம் நிலை ஆதரவுப் பிரிவில் ஒருவர், பெயர் கேட்டதற்குச் சொல்ல மறுத்தவர், சிரித்துக்கொண்டே கேட்டார்: "வீட்டுக்குள்ள டென்ட் போட்டு மிளகாயா சார் வளர்க்கிறீங்க? நம்புற மாதிரி ஏதாவது சொல்லுங்க." பக்கத்தில் இருந்தவர்களும் சிரித்தது போனில் கேட்டது. நான் வளர்ப்பது கஞ்சா என்ற குத்தல்தான் அது. எங்கள் நிலத்தடி நீர் உப்பு, மண் கடல் மணல், மாடியில் வைத்தால் காற்றே இலையைக் கருக்குகிறது. இப்படிப்பட்ட இடத்தில் வீட்டுக்குள் வளர்க்காமல் எங்கே வளர்ப்பது?

கஞ்சாவை நினைவுபடுத்தியது நானா நீங்களா? டென்ட் பெட்டியின் மேல் ஐந்து விரல் இலைப் படம் அச்சடித்திருப்பது யார்? கையேட்டில் "வளர்ச்சிக்கு 18 மணி வெளிச்சம், பூவுக்கு 12 மணி" என்று எழுதியிருப்பது யார்? அது கஞ்சாவின் அட்டவணை. இருட்டு நேரம் நீண்டால் பூக்கும் இனம் அது. கனடாவில் கூட்டாட்சிச் சட்டம் 2018-லிருந்து வீட்டுக்கு நாலு செடி வளர்க்க அனுமதிக்கிறது. ஜெர்மனியில் 2024 ஏப்ரலிலிருந்து பெரியவர் ஒருவருக்கு மூன்று செடி. அங்கே அந்த அட்டவணைக்கு வேலை உண்டு. மிளகாய் நாள் நீளம் பார்த்துப் பூக்காது. உங்கள் பேச்சைக் கேட்டு 12 மணிக்குக் குறைத்தால், ஏற்கெனவே பத்தாக இருக்கும் மோல் ஏழரையாகக் குறையுமே தவிர ஒரு பூ கூடுதலாக வராது. "அறுவடைக்கு முன் இரண்டு வாரம் வெறும் தண்ணீர் ஊற்றவும்" என்பதும் அந்தப் பழக்கம்தான். மாதக்கணக்கில் தொடர்ந்து காய்க்கிற மிளகாயை அப்படிச் செய்தால் பட்டினிதான் கிடக்கும். வெளிநாட்டுக் கையேட்டைச் செடியின் பெயரை மட்டும் மாற்றித் தமிழில் போட்டிருக்கிறீர்கள்.

இங்கே அந்தச் செடியை வளர்ப்பது 1985-ஆம் ஆண்டு போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 20-ஆம் பிரிவின்படி பத்து வருடம் வரை கடுங்காவல். தேவிபட்டினம் முதல் மண்டபம் வரை இலங்கைக்குக் கடத்தப்படும் கஞ்சாவைத் தேடிப் போலீஸ் சோதனை நடக்கிற கடற்கரை இது. அந்த இலைப் படத்தை மேலே ஒட்டி இந்த ஊருக்கு ஒரு பெட்டியை அனுப்புகிறீர்களே, உங்களுக்குக் கொஞ்சமாவது யோசனை வேண்டாமா? கூரியர் ஆபீஸில் பெட்டியையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்கள். உங்கள் ஆள் சிரித்த அந்த அழைப்பின் பதிவு என்னிடம் இருக்கிறது. அந்த நபர் எழுத்தில் மன்னிப்புக் கேட்க வேண்டும்.

மன்னிக்கவும், சொல்ல வேண்டிய மற்றவை இருக்கின்றன.

பிஎச் மீட்டர் மூடிக்குள் ஒரு சொட்டு ஈரம்கூட இல்லாமல் வறண்டு வந்தது. அதன் முனையில் உள்ள கண்ணாடிக் குமிழ் காய்ந்தால் அது காட்டும் அளவை நம்ப முடியாது. பொட்டாசியம் குளோரைடு கரைசலில் இரவு முழுக்க ஊறவைத்துப் பார்த்தும் தேறவில்லை. பிஎச் அளவு முன்பே தெரிந்த சோதனைக் கரைசல்களில் வைத்தால், 6.86 கரைசலில் 6.9 காட்டுகிறது, 4.01 கரைசலில் 4.9 காட்டுகிறது. நடுவில் மட்டும் சரியாக இருப்பதால் நன்றாக வேலை செய்வதுபோலத் தோன்றும், அதுதான் ஆபத்து. அது 5.5 என்று காட்டும்போது தொட்டியில் உண்மையில் இருப்பது 4.9-க்கு அருகில். வேர் நுனி கருகியது அதனால்தான். இதற்கு உங்கள் ஆள் சொன்ன மருந்து, "டிஸ்டில்டு வாட்டர்ல போட்டு வைங்க". டிஸ்டில்டு வாட்டரில் ஊறப்போட்டால் இருக்கிற கொஞ்ச உயிரும் போய்விடும். பிஎச் மீட்டர் விற்கிற கடைக்கு இது தெரியாதா?

இதைவிட மோசம் உரம். ஏ பாட்டிலையும் பி பாட்டிலையும் "ஒரே கேன்ல கலந்து வெச்சுக்கங்க, வேலை சுலபம்" என்று வாட்ஸ்அப்பில் எழுதியிருக்கிறீர்கள், படம் இணைத்துள்ளேன். ஏ-வில் கால்சியம் நைட்ரேட்டும் இரும்பும். பி-யில் மெக்னீசியம் சல்ஃபேட்டும் பாஸ்பேட்டும். நீர்க்காமல் சேர்த்தால் கால்சியம் அவற்றோடு பிணைந்து சுண்ணாம்பு கரைத்த மாதிரி வெளுத்து அடியில் படியும். பிறகு எவ்வளவு ஊற்றினாலும் செடிக்குக் கால்சியம் போய்ச் சேராது, இலை நுனி கருகும், காயின் அடி அழுகும். 20 லிட்டர் தண்ணீரில் முதலில் ஏ, நன்றாகக் கலக்கிய பிறகு பி, கடைசியில் பிஎச் திருத்தம், இதுதான் முறை. நல்லவேளை, பாதி பாட்டிலைத்தான் உங்கள் யோசனைப்படி கலந்து பார்த்தேன். அந்தப் பாதியைக் கொட்ட வேண்டியதாயிற்று.

"உங்க தண்ணி உப்பு சார்" என்று தட்டிக்கழிக்க வேண்டாம். போர் தண்ணீரின் இசி (கரைந்திருக்கும் உப்பைக் காட்டும் மின்கடத்தும் அளவு) 3-ஐத் தாண்டும், தெரியும். அதனால்தான் தொட்டியில் ஊற்றியது முழுக்க ஆர்ஓ தண்ணீர். இசி 1.413 சோதனைக் கரைசலில் சரிபார்த்த மீட்டரில் அதன் இசி 0.1.

டிஜிட்டல் டைமர் என்று சொல்லி ஊசி வைத்த சுழல் டைமரை அனுப்பியிருக்கிறீர்கள். மின்தடை வந்தால் அதுவும் நின்றுவிடும், வந்த பிறகு அவ்வளவு நேரம் பின்தங்கியே ஓடும். ஏர் பம்ப் மின்னழுத்தம் குறைந்தால் உறுமுகிறதே தவிரக் குமிழி வருவதில்லை. 30 டிகிரித் தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் லிட்டருக்கு ஏழரை மில்லிகிராம்தான், இருபது டிகிரியில் ஒன்பது. எங்கள் சூட்டில் அந்தக் குமிழியும் நின்றால் வேர் பழுப்பாகி வழவழவென்று அழுகும். அப்படித்தான் அழுகியது. நான்கு வாளியும்.

நஷ்டம் கிட்டின் விலை மட்டுமல்ல. விதை, ஆர்ஓ தண்ணீர், மின்கட்டணம், போய்வந்த செலவு எல்லாம் சேர்த்தால் அறுபதாயிரம் தாண்டும். ஒரு பருவம் முழுக்கப் போயிற்று. இந்த வேகத்தில் போனால் இனி ஐந்து வருடத்துக்கு வீட்டில் ஒரு மிளகாய்ச் செடி வைக்க மனம் வராது. அதற்கு எவ்வளவு போடுவது என்று நீங்களே சொல்லுங்கள். மன உளைச்சலுக்கு இரண்டு லட்சம் கேட்டாலும் தகும்.

தங்கள் மேல் இன்னமும் மரியாதை இருப்பதால்தான் முதலில் தங்களுக்கு எழுதுகிறேன். முழுத் தொகையும் திரும்ப வேண்டும். கிட்டையும் இரண்டு ஃபில்டரையும் உங்கள் செலவில், என் வீட்டு வாசலிலிருந்து எடுத்துச் செல்ல வேண்டும். இனி ராமநாதபுரத்துக்குத் தூக்கிக்கொண்டு வர மாட்டேன். பணம் தர முடியாது என்றால், ஸ்டிக்கரிலும் 240 போட்ட டிரைவரோடு அசல் விளக்கு, புது பிஎச் மீட்டர், உரம் ஒரு செட், இவை வந்தாலும் பேசலாம். வேறு "சமமான தள்ளுபடிக் கூப்பன்" எதையும் ஏற்க மாட்டேன்.

2020-ஆம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி, புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். தவறினால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிவு செய்வேன். அதற்கும் அசையாவிட்டால் ராமநாதபுரம் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 சட்டப்படி நான் குடியிருக்கும் இடத்திலேயே வழக்குப் போடலாம், ஐந்து லட்சம் வரை கட்டணமும் இல்லை, வர வேண்டியது நீங்கள்தான். 240 என்ற அந்த விளம்பரம் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்துக்கும் போகும். தவறான விளம்பரத்துக்கு அவர்கள் பத்து லட்சம் வரை அபராதம் போடலாம்.

அவ்வளவு தூரம் போக எனக்கும் விருப்பமில்லை. தயவுசெய்து கவனிக்கவும்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்

இணைப்பு: பில், வாட் மீட்டர் வீடியோ, டிரைவர் ஸ்டிக்கர் படம், பிஎச் கரைசல் படங்கள், வாட்ஸ்அப் உரையாடல், இரண்டாவது ஃபில்டரின் படம்.

பி.கு.: பதில் எழுத்தில் மட்டும். போனில் கூப்பிட வேண்டாம், அதிலும் அந்த நபர் கூப்பிடவே வேண்டாம்.