சேர்ந்த பிறகும் வழிகாட்டல் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பிளஸ் டூ முடிவு வரும் மே மாதத்தில் 'என்ன படிக்கலாம்' என்று எல்லாப் பத்திரிகைகளும் பக்கம் பக்கமாக எழுதுகின்றன. அரசும் 'கல்லூரிக் கனவு' என்ற வழிகாட்டல் நிகழ்ச்சியை நடத்துகிறது. கல்லூரி திறந்ததும் அந்தப் பேச்சு அடங்கிவிடுகிறது. நெல்லை, பாளையங்கோட்டைக் கல்லூரிகளில் கலந்தாய்வில் மிச்சமிருந்ததை எடுத்தவர்கள், அக்கா படித்தாள் என்று சேர்ந்தவர்கள், பஸ் வசதி பார்த்துச் சேர்ந்தவர்கள் எல்லா வகுப்பிலும் உட்கார்ந்திருக்கிறார்கள். எந்தத் துறை தனக்குச் சரிவரும் என்று தெரியாத இவர்களுக்குத்தான் வழிகாட்டல் அதிகம் தேவை. அதற்குப் பெரிய செலவும் இல்லை.

இளநிலைப் பாடத்திட்டத்தின் நான்காம் பகுதியில் என்.எம்.இ. (நான் மேஜர் எலெக்டிவ், அதாவது பிற துறை விருப்பப் பாடம்) என்று ஒரு தாள் இருக்கிறது. வாரம் 2 மணி நேரம் வேறொரு துறையின் பாடத்தைப் படிக்க வேண்டும். குழம்பி நிற்கும் மாணவருக்கு இதைவிட மலிவான வெள்ளோட்டம் கிடைக்காது. நடப்பதோ வேறு. டைம்டேபிள் வசதிக்காக ஒரு வகுப்பை மொத்தமாக ஒரே துறைக்கு அனுப்பிவிடுவார்கள். விருப்பம் கேட்டாலும், எந்த டிபார்ட்மென்டில் இன்டர்னல் மார்க் தாராளம் என்பதைப் பார்த்தே பிள்ளைகள் எழுதிக் கொடுக்கிறார்கள். எல்லாத் துறைகளின் என்.எம்.இ. வகுப்பையும் ஒரே பீரியடில் வைத்தால் பாதிச் சிக்கல் தீரும். மாணவர்கள் விருப்பத்தை எழுதிக் கொடுப்பதற்கு முந்தைய வாரத்தில், துறைக்கு 15 நிமிடம் கொடுக்கலாம். அதில் துறைப் பெருமை பேசாமல் வேலையைக் காட்ட வேண்டும். வணிகவியலில் பத்து பில்லைக் கொடுத்துக் கணக்கில் ஏற்றச் சொல்லலாம். ஆங்கிலத் துறையில் செய்தி ஒன்றை மொழிபெயர்க்கச் சொல்லலாம். பொருளியலில் பட்ஜெட் அட்டவணை ஒன்றைப் படித்து விளக்கச் சொல்லலாம். கையை வைத்துப் பார்த்தால்தான் பிடிக்கிறதா என்று தெரியும்.

துறையை மாற்ற நினைப்பவர் முதல் சில வாரங்களிலேயே கேட்டுவிட வேண்டும். காலியிடமும் இருக்க வேண்டும், சேர்க்கைக் கெடுவும் முடிந்திருக்கக் கூடாது. அதைத் தவறவிட்டால் அடுத்த ஆண்டு புதிதாகச் சேர வேண்டியதுதான்.

பட்டம் முடித்து முதுகலையில் மாறிக்கொள்ளலாம் என்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நம் பக்கத்துக் குடும்பங்களில் வாத்தியார் வேலைக்கு இன்னும் மதிப்பு அதிகம். முதுகலை ஆசிரியர் பணிக்கு இளநிலை, முதுநிலை இரண்டும் ஒரே பாடத்திலோ, இணையான பாடத்திலோ இருக்க வேண்டும் என்கிறது ஆசிரியர் தேர்வு வாரியம். மாறிப் படித்ததை 'கிராஸ் மேஜர்' என்று ஒதுக்கிவிடுவார்கள். பல்கலைக்கழகம் சேர்த்துக்கொண்டதே என்ற வாதம் அங்கே எடுபடாது. புதுப் பெயர் சூட்டிய பட்டங்களிலும் இதே சிக்கல் உண்டு. அந்தப் பட்டம் இன்ன பாடத்துக்கு இணையானது என்று சொல்லும் இணைத்தன்மை அரசாணை இருக்கிறதா என்று ஃபீஸ் கட்டுவதற்கு முன்பே கேட்டுவிடுவது நல்லது. சான்றிதழ் சரிபார்ப்பில் போய்க் கேட்டுப் பயனில்லை.

ஆசிரியர் வேலை குறி இல்லை என்றால் வழி அகலமானது. மூன்றாண்டுச் சட்டப்படிப்பு, எம்.பி.ஏ., சமூகப்பணி, நூலக அறிவியல் இவற்றுக்கு எந்தப் பட்டமானாலும் சரி. எம்.சி.ஏ.வுக்குப் பிளஸ் டூவிலோ பட்டத்திலோ கணிதம் கேட்பார்கள். சட்டத்துக்கு நெல்லையிலேயே அரசுக் கல்லூரி இருக்கிறது. மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் அபிஷேகப்பட்டி வளாகத்தில் குற்றவியல் துறை இருப்பதும், ஆழ்வார்குறிச்சியில் அதே பல்கலைக்கழகத்தின் சுற்றுச்சூழல் அறிவியல் மையம் இருப்பதும் முதலாண்டுப் பிள்ளைகள் எத்தனை பேருக்குத் தெரியும்?

கல்லூரிகளுக்கு ஒரு வேண்டுகோள். கல்லூரிகளுக்குத் தர மதிப்பீடு செய்யும் நாக் குழு வரும்போது காட்டுவதற்காக, படித்து முடித்தவர்கள் எங்கே வேலைக்குப் போனார்கள், எங்கே மேற்படிப்புக்குப் போனார்கள் என்று துறைதோறும் பட்டியல் தயாரிக்கிறீர்கள். பெயர், போன் நம்பரை நீக்கிவிட்டு அதைத் துறை அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். வேலை கிடைக்காதவர்கள், திருமணமாகி வீட்டில் இருப்பவர்கள் எண்ணிக்கையையும் மறைக்க வேண்டாம். எந்தக் கருத்தரங்கப் பேச்சும் சொல்லாததை அந்த ஒரு தாள் சொல்லும்.

அந்தப் பட்டியலில் உள்ளவர்களை அழைத்து மேடையில் பேசவிட்டால் 'விடாமுயற்சி' என்று முடித்துவிடுவார்கள். ஐந்தாறு மாணவர்களோடு உட்காரவைத்துக் கேட்க வேண்டும்: நேற்றுக் காலையிலிருந்து சாயங்காலம் வரை என்னென்ன செய்தீர்கள்? கடைசியாக உங்கள் இடத்தில் சேர்ந்தவர் என்ன படித்தவர்? முதல் மாதம் கையில் எவ்வளவு வந்தது? எந்த வேலை சலிப்பு? 'இந்தத் துறைக்கு ஸ்கோப் எப்படி சார்' என்ற கேள்விக்கு மட்டும் இடம் கொடுக்கக் கூடாது. அதற்கு யாரும் உண்மையான பதில் சொன்னதில்லை.

'எதுவும் புரியல, டிஎன்பிஎஸ்சி எழுதலாம்' என்று முடிவெடுப்பவர்களும் ஏராளம். பட்டம் வாங்கிப் பல ஆண்டுகளைக் கோச்சிங்கில் போடுவதற்கு முன், இரண்டாம் ஆண்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். குரூப் 4 தேர்வுக்குப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சியே போதும். 200 கேள்வி, 3 மணி நேரம், அதில் 100 கேள்வி தமிழ். பழைய வினாத்தாள் ஒன்றை எடுத்து, கடிகாரம் வைத்து, ஒரே மூச்சில் எழுதித் திருத்த வேண்டும். பிறகு மாவட்ட வேலைவாய்ப்பு, தொழில்நெறி வழிகாட்டும் மையத்தின் தன்னார்வப் பயிலும் வட்டத்தில் விசாரிக்கலாம். பதிவைப் புதுப்பிக்க மட்டுமே அந்த அலுவலகம் என்று பலர் நினைத்திருக்கிறார்கள். அங்கே போட்டித் தேர்வுக்கான வகுப்பு இலவசம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கல்லூரிப் பேராசிரியர்,
பெருமாள்புரம், திருநெல்வேலி.