கணக்குப் பாடநூல் எழுதுவோருக்கு: தள்ளுபடிப் பாடத்தை வாங்குபவர் பக்கமாகத் திருப்புங்கள்

பள்ளிக் கணக்குப் பாடநூல்களை எழுதும், திருத்தும், சரிபார்க்கும் குழுவினர் அனைவருக்கும்,

வணக்கம்.

நடுநிலை வகுப்புகளுக்குக் கணக்குச் சொல்லித்தருகிறவள் நான். இலாபம், நட்டம், தள்ளுபடி பாடத்தை ஆண்டுதோறும் நடத்துகிறேன். அந்தப் பாடம் குறித்து எனக்கு நெடுநாளாக ஒரு மனக்குறை உண்டு. அதைத் தனிக் கடிதமாக அனுப்பாமல் பொதுவில் எழுதக் காரணம் இருக்கிறது. பெற்றோரும், என்னைப் போல் வகுப்பெடுக்கிறவர்களும் சேர்ந்து கேட்டால்தான் அடுத்த பதிப்பிலாவது இது மாறும்.

பாடத்தில் வரும் கணக்குகளை வரிசையாகப் படித்துப் பாருங்கள். "ஒரு வணிகர் ஒரு பொருளின் அடக்க விலைக்கு மேல் 40 சதவீதம் கூட்டி விலை குறிக்கிறார். பிறகு 20 சதவீதம் தள்ளுபடி தருகிறார். அவருடைய இலாப சதவீதம் என்ன?" விடை 12. கணக்கில் பிழை ஏதுமில்லை. ஆனால் இந்தக் கணக்கில் மாணவர் எங்கே நிற்கிறார்? கல்லாப்பெட்டிக்குப் பின்னால். அடக்க விலை அவருக்குத் தெரியும், எவ்வளவு கூட்டி எழுதினோம் என்பது தெரியும், எவ்வளவு விட்டுக்கொடுக்கலாம் என்பதும் தெரியும். வகுப்பில் இருப்பவர்களில் கடை வைக்கப்போகிறவர்கள் சிலர்தான். பொருள் வாங்கப்போகிறவர்கள் எல்லோருமே. வாங்குகிறவருக்கு அடக்க விலை ஒருநாளும் தெரியப்போவதில்லை. அவர் கண்ணுக்கு எட்டுவது ஓர் அட்டை. அதில் குறுக்கே கோடு போட்ட பழைய விலை, பெரிய எழுத்தில் ஒரு சதவீதம், பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி, அந்தக் குறிக்கு அடியில் பொடி எழுத்து. இந்த அட்டையைப் படிக்க நம் பாடம் சொல்லித்தருவதில்லை. என் குறை இது ஒன்றுதான்.

ஒருமுறை விளம்பரத் தாள் ஒன்றை வகுப்பில் கரும்பலகையில் ஒட்டினேன். "50% + 20% தள்ளுபடி" என்று அதில் கொட்டை எழுத்தில் இருந்தது. மொத்தம் எவ்வளவு குறையும் என்று கேட்டேன். தேர்வில் தொடர் தள்ளுபடிக் கணக்கைச் சரியாகப் போட்ட பிள்ளைகளே "எழுபது" என்றார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். கூட்டல் குறியைப் பார்த்தால் கூட்டத்தானே செய்வார்கள்? பின்வரிசையில் இருந்த ஒரு பெண் மட்டும், "அந்த இருபது எதுல இருந்து, டீச்சர்?" என்று கேட்டாள். அதற்குப் பிறகு கணக்கு தானாக நடந்தது. 100இல் பாதி போனால் 50. அந்த 50இல் 20 சதவீதம் 10. கட்ட வேண்டியது 40, குறைந்தது 60.

இந்தக் கேள்வியைத்தான் பாடத்தின் முதல் பக்கத்தில் வைக்கச் சொல்கிறேன். வளர்ந்தவர்களும் இதைக் கேட்க மறக்கிறார்கள். 2012இல் 'ஜர்னல் ஆஃப் மார்க்கெட்டிங்' ஆய்விதழில் அக்‌ஷய் ராவ் உள்ளிட்ட நால்வர் எழுதிய ஆய்வு ஒன்று வந்தது. விலையில் 33 சதவீதம் குறைப்பதையும், அதே விலைக்கு 50 சதவீதம் கூடுதலாகத் தருவதையும் அவர்கள் ஒப்பிட்டார்கள். இரண்டும் ஏறக்குறைய ஒன்றே. 100 கிராம் தரும் விலைக்கு 150 கிராம் கிடைத்தால், ஒவ்வொரு கிராமின் விலையும் மூன்றில் ஒரு பங்கு குறைகிறது, அவ்வளவுதான். ஆனாலும் வாங்குபவர்கள் 50 என்ற எண்ணின் பக்கமே சாய்ந்தார்கள். 50 சதவீதம் பழைய அளவின் மேல், 33 சதவீதம் பழைய விலையின் மேல் என்பது மனத்தில் படுவதில்லை. "25 சதவீதம் கூடுதல்" என்பது எத்தனை சதவீதத் தள்ளுபடிக்குச் சமம் என்று ஒரு கணக்கு உங்கள் பயிற்சியில் இருந்தால் போதும், பிள்ளைகள் 20 என்று கண்டுபிடித்துவிடுவார்கள். அப்படி ஒரு கணக்கை நான் பாடநூலில் பார்த்ததில்லை.

அடுத்து, குறுக்கே கோடு போட்ட அந்தப் பழைய விலை. பாடநூலில் 'குறித்த விலை' என்பது கேள்விக்கு அப்பாற்பட்டது. வெளியில் அப்படியல்ல. 100 விற்ற பொருளுக்கு 140 என்று அட்டை மாற்றி, 30 சதவீதம் தள்ளுபடி அறிவித்தால், கட்ட வேண்டியது 98. அட்டையில் 30, உண்மையில் 2. இது கற்பனைக் கவலை அன்று. சட்டமே போட வேண்டி வந்த விஷயம். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2022 மே 28 முதல், விலைக் குறைப்பு என்று அறிவிக்கும் வணிகர், அதற்கு முந்தைய குறைந்தது 30 நாட்களில் தாம் விற்ற மிகக் குறைந்த விலையையும் காட்ட வேண்டும். 2024 செப்டம்பரில் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் இன்னும் ஒருபடி மேலே போனது. அந்த விலையை ஓரமாக அச்சிட்டால் மட்டும் போதாது, தள்ளுபடிச் சதவீதத்தையே அதிலிருந்துதான் கணக்கிட வேண்டும் என்றது. பின்வரிசைப் பெண் கேட்டதும் நீதிமன்றம் கேட்டதும் ஒரே கேள்வி. ஒரு பொருளின் பல வாரத்து விலைகளை அட்டவணையாகத் தந்து, "இன்றைய தள்ளுபடி உண்மையில் எத்தனை சதவீதம்?" என்று கேளுங்கள். ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கு அது கடினமான கணக்கே அல்ல.

இப்போது என்னை அதிகம் உறுத்தும் இடத்துக்கு வருகிறேன். "1000க்கு வாங்கினால் 200 தள்ளுபடி." இப்படிப்பட்ட கணக்கு எந்தப் பயிற்சியிலும் இல்லை. கடைவீதியிலோ கைபேசியிலோ நாள் தவறாமல் எதிர்ப்படுவது இதுதான். ஒருவருக்கு 700க்குப் பொருள் தேவை என்று வையுங்கள். தேவையானதை மட்டும் வாங்கினால் 700 கட்டுவார். தள்ளுபடிக்காக இன்னும் 300க்கு எடுத்தால் 800 கட்டுவார். கையிலிருந்து 100 கூடுதலாகப் போகிறது, 300 மதிப்புள்ள பொருள் வருகிறது. அந்தப் பொருளை அவர் எப்படியும் அடுத்த சில நாட்களில் வாங்கியிருப்பார் என்றால் 200 மிச்சம். வாங்கியிருக்க மாட்டார் என்றால் 100 செலவு. இரண்டு நிலையிலும் பில்லின் அடியில் ஒரே வரிதான் அச்சாகும்: "நீங்கள் சேமித்தது 200."

அந்த வரியைப் பிள்ளைகளோடு உட்கார்ந்து பிரித்துப் பார்க்க வேண்டும். பில் சொல்லும் சேமிப்பு, குறித்த விலைக்கும் கட்டிய விலைக்கும் உள்ள வித்தியாசம். வீட்டுக்கு வேண்டிய சேமிப்பு, இந்தச் சலுகை இல்லாவிட்டால் செலவழித்திருக்கும் தொகைக்கும் இப்போது செலவழித்த தொகைக்கும் உள்ள வித்தியாசம். முதலாவதைக் கடை கணக்கிட்டுத் தரும். இரண்டாவதை வாங்குகிறவர்தான் போட்டுப் பார்க்க வேண்டும்; வேறு யாராலும் முடியாது.

இதே சலுகையில் நல்ல இயற்கணிதமும் ஒளிந்திருக்கிறது. தேவை 900 என்றால், இன்னும் 100க்கு எதையாவது எடுத்தாலும் கட்டுவது 800தான். கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம். தேவை 800 என்றால் சரிக்குச் சரி. எல்லைக்கோடு 800 என்று பிள்ளைகள் தாங்களே கண்டுபிடிக்கும்போது சமனின்மை என்ற பாடத்துக்கு ஒரு பிடி கிடைக்கிறது. 1900க்கு வாங்குகிறவருக்கு அதே 200 வெறும் பத்தரை சதவீதம். இன்னும் 100க்கு எடுத்து, 1000 வீதம் இரண்டு பில்லாகப் போட விட்டால் 1700க்குப் பதில் 1600. ஒரே ஒரு சலுகைக்குள் இத்தனை கேள்விகள் இருக்கின்றன. சுவை குன்றிய இலாப நட்டக் கணக்குகள் பத்தை எடுத்துவிட்டு, இது ஒன்றை வையுங்கள்.

மற்ற வகைகளை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். இரண்டு வாங்கினால் ஒன்று இலவசம் என்பது 33 சதவீதத்தைக் கொஞ்சம் தாண்டும், மூன்றும் ஒரே விலையாக இருந்து மூன்றும் தேவையாகவும் இருந்தால். இரண்டாவது பாதி விலைக்கு என்பது 25 சதவீதம். கட்டிய தொகையில் 20 சதவீதத்தை அடுத்த முறைக்கான கூப்பனாகத் தருவது 20 சதவீதம் ஆகாது. 100 கட்டி 120க்குப் பொருள் பெறுவதால் அது பதினாறேமுக்கால் சதவீதத்துக்கும் சற்றுக் கீழே. கூப்பன் காலாவதியானால் சுழி.

வரிசையின் கதையும் சொல்ல வேண்டும். இரண்டு சதவீதத் தள்ளுபடிகளை எந்த வரிசையில் கழித்தாலும் விடை மாறாது என்று நாம் சொல்லித்தருகிறோம். சரிதான். ஒன்று சதவீதமாகவும் மற்றது நிலையான தொகையாகவும் இருந்தால்? 1000 விலைப் பொருளுக்கு 20 சதவீதமும் 100 கூப்பனும் உண்டு. சதவீதம் முதலில் என்றால் 800, பிறகு 700. கூப்பன் முதலில் என்றால் 900, பிறகு 720. கடை எந்த வரிசையில் கழிக்கிறது என்று பில்லைப் பார்த்துச் சொல்லத் தெரிய வேண்டும். பாடநூல் மாறாத வகையை மட்டும் காட்டுவதால், எல்லாத் தள்ளுபடியும் அப்படியே என்று பிள்ளைகள் எண்ணிக்கொள்கிறார்கள்.

பெரிய பொட்டலம் மலிவு என்ற நம்பிக்கையையும் இந்தப் பாடத்தில்தான் சோதிக்க வேண்டும். 400 கிராம் 100, 750 கிராம் 195 என்று இரண்டு பொட்டலங்கள். 100 கிராமுக்கு முதலாவது 25, இரண்டாவது 26. நேர்விகிதப் பாடம் வேறெங்கோ, தள்ளுபடிப் பாடம் வேறெங்கோ கிடப்பதால், இரண்டையும் ஒரே அலமாரி முன் நின்று பயன்படுத்த வேண்டும் என்பது தோன்றுவதே இல்லை.

சதவீதத்தை எப்போது கைவிட வேண்டும் என்பதும் பாடத்தில் இல்லை. உளவியல் அறிஞர்கள் டேனியல் கானமனும் ஏமஸ் ட்வெர்ஸ்கியும் 1981இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று எனக்கு வகுப்பில் பெரிதும் உதவுகிறது. ஒரு மேற்சட்டையும் ஒரு கால்குலேட்டரும் வாங்கப் போகிறீர்கள். இருபது நிமிடத் தொலைவில் உள்ள கிளையில் கால்குலேட்டர் 5 டாலர் குறைவு. அங்கே போவீர்களா என்று கேட்டார்கள். கால்குலேட்டர் 15, மேற்சட்டை 125 என்று சொல்லப்பட்டவர்களில் 68 சதவீதம் பேர் போவோம் என்றார்கள். கால்குலேட்டர் 125, மேற்சட்டை 15 என்று மாற்றிச் சொல்லப்பட்டவர்களில் 29 சதவீதம் பேர்தான். இரண்டு கேள்வியிலும் மொத்தச் செலவு ஒன்றே, மிச்சமும் அதே 5, தூரமும் அதே இருபது நிமிடம். இரண்டு கடைகளை ஒப்பிடச் சதவீதம் உதவும். போய்வரும் நேரத்துக்கும் செலவுக்கும் எதிரே வைக்க வேண்டியது தொகையை. என் பிள்ளைகள் இதை மணிக்கணக்கில் விவாதிக்கிறார்கள். ஒரு கணக்கு வகுப்பில் அப்படி ஒரு சத்தம் கேட்பதே எனக்கு மகிழ்ச்சி.

மேல்வகுப்பு நூலுக்கு ஒன்று. வட்டியில்லாத் தவணை என்று 12 மாதம் 1000 வீதம் கட்டச் சொல்கிறார்கள். ரொக்கமாகக் கொடுத்தால் 11,000 போதும். அந்த வித்தியாசம் வட்டிதான். 11,000க்கு 1000 என்றால் 9 சதவீதம் போலத் தெரியும். மாதாமாதம் அசல் குறைந்துகொண்டே வருவதால், முதல் தவணையை ஒரு மாதம் கழித்துக் கட்டத் தொடங்கினால், உண்மையான ஆண்டு வட்டி 16 சதவீதத்தைத் தாண்டுகிறது. கூட்டு வட்டி படித்த பிள்ளைக்கு இது எட்டாத உயரம் இல்லை.

கால்குலேட்டர் கைபேசியிலேயே இருக்கும்போது இதெல்லாம் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. எதை எதனால் பெருக்குவது என்று கைபேசி சொல்லாது. மேலும், மனக்கணக்கு இங்கே மிக எளிது. 35 சதவீதம் கழிப்பதைக் காட்டிலும் 65 சதவீதத்தைக் கண்டுபிடிப்பது சுலபம். 15 சதவீதம் வேண்டுமானால் பத்தில் ஒன்றும் அதில் பாதியும். 50இல் 18 சதவீதமும் 18இல் 50 சதவீதமும் ஒன்றே, ஆகவே 9. பாடநூல் இப்படிக் குறுக்கு வழிகளைக் காட்டத் தயங்குகிறது. படிப்படியாகச் சூத்திரம் எழுதினால்தான் மதிப்பெண் என்கிறது. கடை முன் நிற்கிறவருக்கு வேண்டியது முப்பது வினாடியில் ஓரளவு சரியான விடை.

கடைசியாக, எனக்கு மிக முக்கியமான வேண்டுகோள். தகவல் குறைவான கணக்குகளையும் வேண்டுமென்றே தாருங்கள். "70 சதவீதம் வரை தள்ளுபடி என்று அறிவித்துள்ள கடையில் 500 விலைப் பொருளுக்கு எவ்வளவு கட்ட வேண்டும்?" இதற்கு 150 என்று எழுதும் பிள்ளைக்குச் சூத்திரம் தெரிந்திருக்கிறது, அட்டை படிக்கத் தெரியவில்லை. 150இலிருந்து 500 வரை எதுவாகவும் இருக்கலாம், இன்னும் என்ன கேட்டால் தெரியும் என்று எழுதும் பிள்ளைக்கு முழு மதிப்பெண் கிடைக்க வேண்டும். அதற்கு நூலின் பின்பக்க விடைப் பகுதியிலும், ஆசிரியர் கையேட்டிலும், தேர்வுத்தாள் திருத்தும் குறிப்பிலும் "தரப்பட்ட தகவல் போதாது, அடிப்படை விலை தெரிய வேண்டும்" என்பது சரியான விடையாக அச்சிடப்பட்டிருக்க வேண்டும். அச்சில் இல்லாத விடைக்கு மதிப்பெண் போடத் திருத்துபவர்களுக்குக் கை வராது.

வகுப்பில் நான் பயன்படுத்தும் கணக்குகளை விடைகளுடன் உங்களுக்கு அனுப்பித் தரத் தயாராக இருக்கிறேன். அவற்றை எப்படி வேண்டுமானாலும் மாற்றி, குறைத்து, வெட்டிப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். பெயர் போட வேண்டாம்.

இப்படிக்கு,
ஒரு கணக்கு ஆசிரியை